போர்வெல் தண்ணீரில் கலந்த ஈயம், குரோமியத்தை நானோ பொருட்களால் பிரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "டிடிஎஸ் எவ்வளவு?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கை மட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, டிடிஎஸ் லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம் என்கிறது. ஈயம் 0.01 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஈயம் வரம்பைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் டிடிஎஸ் மீட்டரின் எண் அசையாது. நிறம் மாறாது, நாற்றம் வராது. கொதிக்க வைத்தாலும் போகாது; நீர் ஆவியாகி வற்றுவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அம்பத்தூர், மணலி, எண்ணூர், பல்லாவரம் போல ஆலைகளும் பட்டறைகளும் தோல் தொழிலும் குடியிருப்புகளோடு சேர்ந்தே வளர்ந்த பகுதிகளில் இந்தக் கவலை நியாயமானது. அங்கே இருப்பவர்களுக்கும், கல்லூரியில் இதையே பிராஜெக்டாக எடுத்திருக்கும் மாணவர்களுக்கும், "நானோ ஃபில்டர்" என்று விற்க வருபவரிடம் என்ன கேட்பது என்று யோசிக்கும் குடியிருப்போர் சங்கத்தினருக்கும் சேர்த்துத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நானோ பொருள் எதுவானாலும் உலோகத்தை அழிப்பதில்லை. ஈயம் ஒரு தனிமம். அது எங்கேயும் மறைந்துபோகாது. தண்ணீரில் இருந்ததை நானோ பொருள் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் இந்த வேலை மாதிரி எடுக்கும் பாட்டிலில் தொடங்குகிறது. உலோகம் ஏறிய பொருளைப் பத்திரமாக ஓரிடத்தில் சேர்க்கும்போதுதான் முடிகிறது. நடுவில் இருக்கும் வேதியியலை மட்டும் நன்றாகச் செய்துவிட்டு இரு முனைகளையும் விட்டால், ஆபத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி வைத்தது போலத்தான்.

படி 1: எந்த உலோகம், எவ்வளவு, எங்கிருந்து வருகிறது?

முக்கால்வாசிப் பேர் அவசரப்படுவது இங்கேதான். பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தண்ணீரைத் தேடுகிறார்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

ஒரு லிட்டர் பாலிஎத்திலீன் பாட்டிலைப் பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசுங்கள். கேன் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள உப்பு ஒட்டிக்கொள்ளும். போர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பைப்பில் தேங்கிய நீர் போன பிறகு மாதிரியைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் குறைவாகத் தெரியும்.

குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அமிலம் சேர்த்தால் அது மூன்று இணைதிறனாக மாறிவிடக்கூடும். அதற்குத் தனி பாட்டிலில், அமிலம் விடாமல், ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஈயத்தைத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு மாதிரியும் தேவை: காலையில் எழுந்ததும் சமையலறைக் குழாயைத் திறந்து வரும் முதல் தண்ணீர். பித்தளைக் குழாய்களில் ஈயம் கலந்திருக்கும். பிவிசி பைப்புகளிலும் ஈய நிலைப்படுத்திகள் இருந்தன. 2021-இல்தான் அவற்றைக் கட்டுப்படுத்தும் மத்திய விதிகள் வந்தன. அதற்கு முன் கட்டிய வீடுகள் சென்னையில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. போரில் ஈயம் இல்லை, காலை முதல் தண்ணீரில் இருக்கிறது என்றால் குற்றவாளி நிலத்தடி நீர் அல்ல, உங்கள் வீட்டு பைப். அதற்கு நானோ பொருள் வேண்டாம், ஒரு நல்ல பிளம்பர் போதும்.

என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுங்கள். மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் சோதிக்கச் சொல்லுங்கள். நாம் தேடும் அளவுக்கு அதுதான் தெளிவான பதில் தரும். ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக், பாதரசம் ஆகியவற்றோடு பி.எச்., கடினத்தன்மை, காரத்தன்மை, சல்ஃபேட், பாஸ்பேட், சிலிக்கா, இரும்பு, மாங்கனீஸ் ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வரிசைதான் பின்னால் உங்கள் பொருள் வேலை செய்யுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐ.எஸ். 10500 வரம்புகள், லிட்டருக்கு மி.கி. கணக்கில்: ஈயம் 0.01, ஆர்சனிக் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05. முடிந்தால் மே மாதம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை சோதியுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது எண்களும் மாறும்.

இன்னொரு சிறிய வேலை: அதே தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தும் ஒரு மாதிரி கொடுங்கள். வடித்ததில் உலோகம் காணாமல் போனால் அது கரைந்திருக்கவில்லை, துகளாக மிதக்கிறது. சாதாரண வடிகட்டியே போதும், இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

படி 2: உலோகம் தண்ணீரில் எந்த வடிவில் இருக்கிறது?

ஈயமும் காட்மியமும் நிக்கலும் தண்ணீரில் நேர் மின்சுமையோடு இருக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் குரோமேட்டாக, அதாவது எதிர் மின்சுமையோடு இருக்கும். ஆர்சனிக்கில் ஒரு வகை (ஆர்சனேட்) எதிர் மின்சுமை, இன்னொரு வகை வழக்கமான பி.எச்.சில் மின்சுமையே இல்லாதது. பின்னதைப் பிடிப்பதுதான் கஷ்டம். வீட்டு ஆர்ஓ கூட அதை முன்னதைப் பிடிப்பதுபோல் நன்றாகப் பிடிப்பதில்லை.

இரும்பு ஆக்சைடு போன்ற பொருட்களின் மேற்பரப்பும் பி.எச்.சுக்கு ஏற்ப மின்சுமை மாறும். ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்புச் சேர்மத்துக்கு அந்த மாறுதல் புள்ளி ஏறக்குறைய பி.எச். 8. அதற்குக் கீழே மேற்பரப்பு நேர் மின்சுமை கொள்ளும், குரோமேட்டையும் ஆர்சனேட்டையும் இழுக்கும். ஈயம் மின்சுமையை மட்டும் நம்பியிருப்பதில்லை, பி.எச். 6-ஐ ஒட்டியே இரும்பு ஆக்சைடோடு நேரடியாக வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். ஆக, ஒரே பொருளால் எல்லா உலோகத்தையும் ஒரே பி.எச்.சில் எடுப்பேன் என்று யாராவது சொன்னால் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுப்பது

நானோ என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை. அந்த அளவு ஏன் முக்கியம்? ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 600 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் இரண்டரை கிரவுண்டுக்கும் மேல், ஒரு சர்க்கரைக் கட்டி அளவுப் பொருளில். உலோகம் ஒட்டுவது மேற்பரப்பில்தான் என்பதால் பரப்பு கூடக் கூட பிடிக்கும் திறனும் கூடும்.

ஆர்சனிக்குக்கும், ஓரளவு ஈயத்துக்கும் என் முதல் தேர்வு கைட்டோசானில் பொதிந்த ஃபெர்ரிஹைட்ரைட். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து கிடைப்பது. நானோ துகள்களைத் தண்ணீரோடு ஓடிவிடாமல் பிடித்து வைக்கிறது. இந்த வழியில் உலகம் கவனிக்கும் வேலை நம் ஊரில்தான் நடந்தது. சென்னை ஐஐடி பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு உருவாக்கிய 'அம்ரித்' தொழில்நுட்பம் இதே அடிப்படையில் அமைந்தது. 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆர்சனிக் மேற்கு வங்கம், பிகார் பக்கத்துப் பெரும் துயரம். அதற்கான தீர்வு அடையாற்றங்கரைப் பக்கம் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு வேறு அணுகுமுறை வேண்டும். ஃபெர்ரிஹைட்ரைட் அதைப் பிடிக்கும், ஆனால் சல்ஃபேட்டும் பைகார்பனேட்டும் நிறைந்த போர் தண்ணீரில் போட்டி தாங்காமல் விட்டுவிடும். இங்கே பூஜ்ய இணைதிறன் நானோ இரும்பு, அதாவது ஆக்சைடாக மாறாத உலோக இரும்பின் நானோ துகள், நல்லது. அது குரோமியத்தை ஆறிலிருந்து மூன்று இணைதிறனாக ஒடுக்குகிறது. மூன்று இணைதிறன் குரோமியம் நச்சு குறைந்தது, எளிதில் ஹைட்ராக்சைடாக வீழ்படிவாகும். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த வேதிவினையின் அருமை புரியும். ஒரு எச்சரிக்கை: உலர்ந்த நானோ இரும்பு காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். எப்போதும் குழம்பாகவே வைத்திருங்கள்.

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களைக் காந்தத்தால் திரும்ப எடுக்கலாம். ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2006-இல் சுமார் 12 நானோமீட்டர் மேக்னடைட்டைச் சாதாரண காந்தப்புலத்திலேயே பிரித்துக் காட்டியது. கல்லூரிச் சோதனைக்கு வசதியான பொருள். பாதரசத்துக்கு தயால் என்ற கந்தகத் தொகுதி ஏற்றிய சிலிக்கா. கிராஃபீன் ஆக்சைடு, கார்பன் நானோ குழாய் ஆகியவை ஆய்வுக் கட்டுரைகளில் பிரமாதமாக இருக்கும். விலையும் பிரித்தெடுக்கும் சிரமமும் பார்த்தால் வீட்டுத் தண்ணீருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முலாம் பூசும் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கழிவுநீரில் லிட்டருக்கு 50 மி.கி. குரோமியம் இருந்தால் நானோ பொருளில் தொடங்காதீர்கள். பி.எச். 2 முதல் 3-க்குள் சோடியம் பைசல்ஃபைட் சேர்த்து ஒடுக்கி, பிறகு சுண்ணாம்பால் பி.எச். 8 முதல் 9 வரை ஏற்றி வீழ்படிவாக்கும் பழைய முறையே மலிவு, உறுதி. அதற்குப் பின்னும் மிஞ்சும் கொஞ்ச நஞ்சத்தைப் பிடிக்கத்தான் நானோ. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் 0.1 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

படி 4: ஆய்வகத்தில் தயாரிப்பது

இது கல்லூரி ஆய்வகத்துக்கான செய்முறை. வீட்டுச் சமையலறையில் செய்யாதீர்கள். இதில் வடித்த தண்ணீரை, எவ்வளவு நல்ல முடிவு வந்தாலும், யாரும் குடிக்கக் கூடாது. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம்.

40 கிராம் ஃபெர்ரிக் நைட்ரேட்டை (ஒன்பது நீர் மூலக்கூறு கொண்டது) 500 மி.லி. அயனி நீக்கிய நீரில் கரையுங்கள். நன்றாகக் கலக்கிக்கொண்டே 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துக்கொண்டு போங்கள். ஏறக்குறைய 330 மி.லி. பிடிக்கும். கடைசி 20 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக, பி.எச். மீட்டரைப் பார்த்தபடி விடுங்கள், பி.எச். 7-இலிருந்து 8-க்குள் நிறுத்த வேண்டும். செம்பழுப்பு நிறத்தில் கூழ் போல வீழ்படிவு வரும். அதுதான் ஃபெர்ரிஹைட்ரைட், சுமார் 10 கிராம். மையவிலக்கில் சுழற்றி நீர் மாற்றி, நைட்ரேட் போகும்வரை கழுவுங்கள்.

சூடான அடுப்பில் உலர்த்தாதீர்கள். ஃபெர்ரிஹைட்ரைட் நிலையற்றது; சூட்டிலும் நாள் போகப் போகவும் ஹேமடைட், கோதைட் என்று படிகமாகி மேற்பரப்பை இழக்கும். சென்னை மே மாத வெயிலில் மாடி அறையில் வைத்தால் இன்னும் வேகமாக. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சீக்கிரம் பயன்படுத்துங்கள்.

மணிகளாக்குவதற்கு: 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 2 சதவீதக் கைட்டோசானைக் கரைத்து, கழுவிய கூழை அதில் சீராகக் கலக்குங்கள். சிரிஞ்சில் எடுத்து, 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சொட்டுங்கள். விழும் ஒவ்வொரு சொட்டும் மணியாக உறையும். சில மணி நேரம் ஊறவிட்டு, கழுவும் நீரின் பி.எச். நடுநிலைக்கு வரும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

வேப்பிலை, தேயிலைச் சாற்றில் நானோ இரும்பு தயாரிக்கும் "பசுமை முறை" நம் கல்லூரிகளில் மிகப் பிரபலம். ஆசை புரிகிறது. ஆனால் அப்படி வரும் கறுப்புப் பொருளில் பெரும்பாலும் இருப்பது இரும்பும் பாலிஃபீனாலும் சேர்ந்த கூட்டுப் பொருள். உண்மையான பூஜ்ய இணைதிறன் இரும்பு குறைவு. சாற்றின் கரிமப் பொருளும் தண்ணீரில் கசியும். எக்ஸ்-ரே விளிம்பு விளைவு படம் எடுக்காமல் அதை நானோ இரும்பு என்று எழுதாதீர்கள்.

படி 5: குடுவைச் சோதனை

100 மி.லி. தண்ணீர், தெரிந்த அளவு பொருள், ஒரு ஷேக்கர். பொருளின் அளவை லிட்டருக்கு 0.1 முதல் 1 கிராம் வரை மாற்றுங்கள், நேரத்தை 5 நிமிடம் முதல் 24 மணி வரை, பி.எச்.சை 4 முதல் 9 வரை. வடித்து, மீதமிருக்கும் செறிவை அளந்து கணக்கிடுங்கள்: தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, நீரின் கன அளவால் பெருக்கி, பொருளின் எடையால் வகுத்தால் ஒரு கிராம் எத்தனை மி.கி. உலோகத்தைப் பிடித்தது என்று தெரியும். லிட்டருக்கு 0.2 மி.கி. ஆர்சனிக்கை 0.5 கிராம் பொருள் 0.01-க்குக் கொண்டுவந்தால், கிராமுக்கு 0.38 மி.கி.

இந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். கட்டுரைகளில் கிராமுக்கு நூறு மி.கி. என்று வருவது, லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மி.கி. உலோகம் கலந்த கரைசலில் கிடைத்த உச்ச அளவு. போர் தண்ணீரில் உலோகம் அவ்வளவு இருக்காது. குறைந்த செறிவில் பொருளும் குறைவாகத்தான் ஏற்றிக்கொள்ளும். உங்கள் எண்தான் உண்மையான எண்.

இரண்டு ஒப்பீட்டுக் குடுவைகளை விட்டுவிடாதீர்கள். ஒன்றில் உலோகக் கரைசல் மட்டும், பொருள் இல்லாமல். ஈயம் பி.எச். கூடும்போது தானாகவே ஹைட்ராக்சைடாக, கார்பனேட்டாகப் படிந்துவிடும். அதை உங்கள் பொருளின் சாதனையாக எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. இன்னொன்றில் சுத்த நீரும் பொருளும் மட்டும், பொருளிலிருந்து இரும்பு கசிகிறதா என்று பார்க்க.

அப்புறம் கட்டாயமாக, அயனி நீக்கிய நீரில் செய்த அதே சோதனையை உண்மையான போர் தண்ணீரிலும் செய்யுங்கள். பாஸ்பேட்டும் சிலிக்காவும் ஆர்சனிக்கின் இடத்தைப் பிடிக்கும்; கால்சியமும் மெக்னீசியமும் ஈயத்தோடு போட்டியிடும். மீஞ்சூர் பக்கம்போல் கடல்நீர் உட்புகுந்த இடங்களில் முடிவு எவ்வளவு இறங்குகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 6: குழாயில் நிரப்பி ஓடவிடுவது

2 செ.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் 30 செ.மீ. உயரத்துக்கு மணிகளை நிரப்பினால் படுகையின் கன அளவு ஏறக்குறைய 94 மி.லி. தண்ணீர் படுகையில் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும் என்று வைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 மி.லி. ஓட்டம். மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். முன்னால் மணல் வடிகட்டி ஒன்று கட்டாயம். இல்லாவிட்டால் போர் தண்ணீரின் கலங்கலும் இரும்பும் சில நாளில் படுகையை அடைத்துவிடும். பின்னால் ஒரு நுண் சவ்வு வடிகட்டி, உதிரும் துகள்களைப் பிடிக்க.

எத்தனை நாள் வரும்? படுகையில் 50 கிராம் பொருள், உங்கள் குடுவைச் சோதனையில் கிராமுக்கு 1 மி.கி., தண்ணீரில் லிட்டருக்கு 0.05 மி.கி. உலோகம் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.கி.யை 0.05-ஆல் வகுத்தால் 1000 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் என்றால் 50 நாள். இது காகிதக் கணக்கு. நடைமுறையில் வெளிவரும் தண்ணீரைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து, செறிவு வரம்பில் பாதியைத் தொட்டதுமே பொருளை மாற்றுவது என் வழக்கம். வரம்பைத் தொடும்வரை காத்திருந்தால், அறிக்கை கைக்கு வருவதற்குள் வீட்டார் அதைக் குடித்திருப்பார்கள். ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மூளை வளர்ச்சியைத்தான் அது தொடுகிறது.

வெளிவரும் நீரில் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒளிக்கற்றையின் தடம் தெரிந்தால் துகள்கள் கசிகின்றன. தடம் தெரியாவிட்டாலும் இரும்புச் சோதனை செய்தே ஆக வேண்டும். குளோரின் சேர்ப்பதாக இருந்தால் வடிகட்டிக்குப் பிறகு சேருங்கள். முன்னால் சேர்த்தால் படுகையில் படிந்த மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறாக மாற வழி உண்டு.

வீட்டுக்கு வாங்குபவர்கள் விற்பவரிடம் கேட்க வேண்டியதும் இந்தப் படியில்தான் இருக்கிறது: எந்த உலோகத்துக்கு, எந்தத் தண்ணீரில், எத்தனை லிட்டர் வரை சோதித்தது, தீர்ந்த கேட்ரிட்ஜைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் வாங்காதீர்கள். அவசரத்துக்கு நல்ல ஆர்ஓ ஈயத்தையும் குரோமியத்தையும் நன்றாகவே குறைக்கும், கணிசமான நீரை வீணாக்கினாலும். அதன் கழிவுநீரில் அதே உலோகம் செறிந்து வரும் என்பதால் அதைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

படி 7: உலோகம் ஏறிய பொருளை என்ன செய்வது?

ஆர்சனேட், குரோமேட் ஏறிய படுகையை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால், அதாவது லிட்டருக்கு 4 கிராம் கரைசலால் கழுவினால் பெரும்பகுதி இறங்கிவிடும். ஈயத்தை இறக்க அமிலம் வேண்டும். அமிலம் இரும்பு ஆக்சைடையும் சேர்த்துக் கரைக்கும். கழுவிய கரைசலில் உலோகம் பல மடங்கு செறிந்திருக்கும், அதைத் தனியாகச் சுத்திகரிக்க வேண்டும். சிறிய அளவில் இந்தப் பாடு தேவையில்லை. பொருளை மாற்றிவிடுவதே நல்லது.

மாற்றிய பொருளைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்கோ பெருங்குடிக் குப்பைமேட்டுக்கோ போகும். அழுகும் குப்பையின் அமிலத்தில் உலோகம் மறுபடி கரைந்து மண்ணில் இறங்கும். அதனால் முதலில் கசிவுச் சோதனை செய்யுங்கள்: ஒரு பங்கு பொருளுக்கு இருபது பங்கு அசிட்டிக் அமிலக் கரைசல், 18 மணி நேரம் சுழற்றி, வடித்து அளப்பது. லிட்டருக்கு ஈயம், குரோமியம், ஆர்சனிக் 5 மி.கி., காட்மியம் 1 மி.கி., பாதரசம் 0.2 மி.கி. ஆகிய அளவுகளைத் தொட்டால் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் அதற்கான பொதுச் சுத்திகரிப்பு, சேமிப்பு மையம் இருக்கிறது. கல்லூரியோ பட்டறையோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியோடு அங்கே அனுப்பலாம்.

அனுப்பும்வரை மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், ஈரமாகவே, எந்த உலோகம், எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி வையுங்கள். பிளீச்சிங் பவுடர், அமிலம் இருக்கும் அலமாரியில் வேண்டாம். பிராஜெக்ட் முடிந்து மாணவர்கள் போன பிறகு அந்த டப்பாவை யார் பொறுப்பில் விடுவது என்பதையும் முதல் நாளே எழுதி, ஆய்வகப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.